படிக்கத்தானே கொடுத்தோம்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் கிசுகிசுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள் என்றால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு மெல்ல நகர்ந்துவிடுவாள். அக்காவின் கணவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அக்கா மட்டும் எதிரில் நின்று வாய்க்கு வாய் கொடுப்பாள். கடைசியில் அவளும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். முப்பதைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது பார்வையையும் கூட்டிக்கொண்டு போனது. அதற்காக அவள் அழுதது கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் அவளை எதிரில் வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசியதற்குப் பட்ட கோபம்தான் ஏராளம். "பாவம், காதாவது நல்லா கேட்குதா?" என்று ஒரு அத்தை அம்மாவிடம் விசாரிக்க, "நீங்க பேசறது மட்டும் கேட்காம இருந்தா நல்லா இருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அவள். அந்த அத்தை அதற்கப்புறம் பல மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பட்டப்படிப்பு முடித்ததும் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். மறு சுவரை ஒட்டி உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். டாக்டர் எந்த நேரத்தில் வருவார், ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடலாம், சொட்டு மருந்து தீர்ந்துபோனால் எங்கே வாங்குவது, இவைதான் கேள்விகள். பதில்கள் அவளுக்கு மனப்பாடம்.

பதில் இல்லாத கேள்விகளும் வரும். அவையெல்லாம் வயதானவர்களிடமிருந்து வருபவை. விழித்திரை கெட்டுவிட்டது, நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்து அனுப்பியவர்கள். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லும்படி அவளுக்குக் கொடுத்திருந்த பதில், "ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வாங்க" என்பது.

ஒருநாள் ஒரு அம்மா கூப்பிட்டாள். தனியாக இருப்பவள் என்று குரலிலேயே தெரிந்தது.

"கண்ணு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. சரி, போனது போச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அடுப்பு எரியுதா அணைஞ்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பயந்துக்கிட்டு மூணு நாளா ரொட்டியைத் தண்ணியில நனைச்சுத் தின்னுட்டு இருக்கேன்."

சின்னவள் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லவில்லை. "அடுப்பை அணைச்சு வெச்சிருக்கும்போது குமிழோட மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தொட்டுப் பாருங்கம்மா. அந்த இடத்துல ஒரு சொட்டு பசை வெச்சுக் காய விடுங்க, விரலுக்குத் தட்டுப்படும். பாத்திரத்தை முதல்ல வெச்சுட்டு அப்புறமா பத்த வைங்க. புடவைத் தலைப்பை இடுப்புல செருகிக்குங்க" என்று ஆரம்பித்து, சமையலறையையே தொலைபேசி வழியாகச் சுற்றிக் காட்டிவிட்டாள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இதை ஏன் அந்த டாக்டர் சொல்லலை?" என்றாள்.

அன்று மாலை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே அழைப்பில் அத்தனை நேரம் பேசினால் மற்றவர்களுக்கு லைன் கிடைக்குமா, நாளைக்கு அந்த அம்மா வீட்டைக் கொளுத்திக்கொண்டால் மருத்துவமனை பதில் சொல்லுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நீ என்னம்மா, டாக்டரா?" என்று முடித்தார்.

"டாக்டர் சொல்லியிருந்தா நான் ஏன் சார் சொல்லப் போறேன்?" என்றாள் சின்னவள். குரல் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு அந்தப் படிப்பைப் பற்றித் தெரியவந்தது. வயதான காலத்தில் பார்வை இழந்தவர்களுக்கு நடக்க, சமைக்க, மாத்திரை பிரித்து எடுக்க, பயப்படாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு இரண்டு வருடப் படிப்பு இருந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு பயிற்சி நிலையம் அதை நடத்தியது. பார்வையில்லாத மாணவர்கள் அதில் சேர்ந்தால் முழுச் செலவையும் ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. வானொலியில் அறிவிப்பைக் கேட்டவுடன் சின்னவள் துள்ளிக் குதிக்காத குறை. தன் வாழ்க்கையை யாரோ எட்டிப் பார்த்து, தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு அக்காவின் கணவர் கூட வந்தார். பாதி வழியில் கழற்றிவிட எவ்வளவோ பார்த்தாள், அவர் விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் இருந்த அறக்கட்டளைச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். சின்னவளிடம் அல்ல, அவளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தானிடம்.

"இவங்க தானாவே சாப்பிடுவாங்களா?"

அத்தான் ஒரு அப்பாவி மனிதர். "நல்லாவே சாப்பிடுவா சார். எங்க எல்லாரையும் விட ஜாஸ்தியா" என்றார்.

"ரூமுக்குள்ள தனியா நடமாட்டமெல்லாம்?"

"நடமாடறதோட விட்டா பரவாயில்லையே. நான் வெச்ச இடத்துல ஒரு பொருள் இருக்க விடமாட்டா."

சின்னவள் தொண்டைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள். கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். "படிப்பைப் பத்தி என்கிட்ட கேட்கலாம் சார், நான் இங்கேதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மேசைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். உதவித்தொகை கிடைத்துவிட்டது, மருத்துவமனை வேலையை விட்டாள்.

உதவித்தொகை கொடுக்கும் விழாவில் புகைப்படக்காரர் அவளிடம் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினார். அவள் கண்ணாடி போடுகிறவளே அல்ல.

"இது எதுக்கு?"

"இல்லேன்னா பார்க்கறவங்களுக்குத் தெரியாதுங்க. சாதாரணமா இருக்கற மாதிரியே இருக்கீங்க."

மேடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். அந்தப் படம் பிறகு பேருந்து நிறுத்தங்களில் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டதாக அக்கா வந்து சொன்னபோது, அன்று அந்தக் கண்ணாடியை மாட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

படிப்பு மட்டும் பொன்னாக இருந்தது. அதைக் குறை சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் கிடையாது. பாடம் நடத்திய ஆசிரியை பார்வையுள்ளவர்தான். ஆனால் எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவர். "சின்ன வயசுல கண்ணு போனா உலகத்தைப் புதுசா கத்துக்கணும். வயசான பிறகு போனா, ஏற்கெனவே தெரிஞ்ச உலகத்தையே திரும்பக் கத்துக்கணும். இதுலதான் வெட்கம் ஜாஸ்தி" என்பார். சர்க்கரை நோயில் விரல்நுனி மரத்துப்போனவருக்குத் தொட்டுப் படிக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று சின்னவள் அங்கே தெரிந்துகொண்டாள். கண் மங்கியவர்களில் சிலருக்கு இல்லாத பூக்களும் மனிதர்களும் கோலங்களும் தெரியும், பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவர்கள் அதைச் சாகும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டாள். முதல் வருடத் தேர்வில் அவள்தான் முதல்.

இரண்டாம் வருடம் முழுக்கச் செய்முறை. வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய் நேரடியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் எங்கே போவது என்று இயக்குநர் வகுப்பில் வந்து அறிவித்தார். பார்வையுள்ள மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் சொன்னார். பிறகு, "உதவித்தொகை மாணவர்கள் ரெண்டு பேருக்கும் தொலைபேசி ஆலோசனை. இங்கேயே ஒரு ரூம் ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்றார்.

சின்னவள் எழுந்தாள். "ஏன் சார்?"

"பாதுகாப்புக்காகத்தான். வயசானவங்க விழுந்துட்டா நீங்க எப்படிப் பார்ப்பீங்க? சொல்லிக்கொடுக்கறவங்க, கத்துக்கறவங்க ரெண்டு பேருமே பார்க்க முடியாதவங்க, ஒரு அடுப்பு, கொதிக்கிற தண்ணி... யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுத்தான் சார் கேட்கறேன். நான் தினம் கொதிக்கிற தண்ணியிலதானே டீ போட்டுக் குடிக்கறேன்?"

"அது உங்க வீட்டுல. சர்டிஃபிகேட்ல ஒண்ணும் குறை வராது. ஆலோசகர்னு போட்டுக் கொடுப்போம்."

ஆலோசகர் என்று போட்டால் பயிற்றுநராக வேலை பார்க்க முடியாது. பயிற்றுநர் வேலைக்குச் செய்முறை முடித்த சான்றிதழ் வேண்டும். இதை இயக்குநர் சொல்லவில்லை, இடைவேளையில் ஆசிரியைதான் தணிந்த குரலில் சொன்னார். அப்படியென்றால் இதுவரை படித்துவிட்டுப் போன உதவித்தொகை மாணவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? ஆசிரியை கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது சின்னவளுக்குப் பெரிய வேலையாக இல்லை. ஒருவரைப் பிடித்தால் அவர் அடுத்தவரின் எண்ணைச் சொன்னார். எல்லோருமே கூப்பிட்ட மாத்திரத்தில் எடுத்தார்கள், ஏனென்றால் எல்லோருக்குமே தொலைபேசி எடுப்பதுதான் வேலை. ஒருத்தி வங்கியில், ஒருவன் பேருந்துக் கழகத்தில், இன்னொருத்தி சலவை இயந்திரம் பழுதானால் கூப்பிடும் எண்ணில். வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஒன்பது பேரில் ஒருவர்கூட ஒரு வயதானவரின் கையைப் பிடித்து ஒரு படி இறக்கிவிட்டதில்லை.

முதல் அணியில் படித்தவரை மற்றவர்கள் பெரியண்ணன் என்றார்கள். மின்சாரம் நின்றுபோனால் புகார் கேட்கும் அலுவலகத்தில் இருந்தார். சின்னவள் கேட்டதும் சிரித்தார்.

"கரண்ட் எப்ப வரும்னு சொல்றதுதாம்மா என் உத்தியோகம். எனக்கே தெரியாது, இருந்தாலும் சொல்வேன்."

"நீங்க யாரும் கேட்கலையா அண்ணா?"

"கேட்டேன். நன்றி கெட்டவன்னாங்க. அப்புறம் கல்யாணம், குழந்தை. வாயை மூடிக்கிட்டேன்." சிரிப்பு நின்றிருந்தது. "நீ கேளு. ஆனா கத்தாதே. நாம கத்தினா அதை மட்டும்தான் அவங்க காதுல வாங்குவாங்க."

கத்துகிற வழக்கம் அவளுக்கு ஏது? அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். செயலாளர் அன்பாகத்தான் பேசினார், நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டவர் போலச் சொன்னார்:

"நீங்க எதுக்கு இதைப் பிரச்சினை பண்றீங்கன்னு புரியலைம்மா. நாங்க படிக்கத்தானே கொடுத்தோம்? வேலை பார்க்கறதுக்கா கொடுத்தோம்?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் மனதாரச் சொன்னார். பார்வையில்லாதவர் படிப்பது அவருக்குப் பார்க்க அழகான ஒரு காட்சி. படித்தவருக்கு அப்புறம் ஒரு பிழைப்பு வேண்டும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

"படிச்சுட்டு என்ன சார் பண்றது?" என்று கிட்டத்தட்டக் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"தன்னம்பிக்கை வருமில்ல?" என்றார் அவர்.

வெளியே வந்து நடையைக் கட்டினாள். தன்னம்பிக்கையாம்! ஏழாம் வகுப்பிலிருந்து அவளிடம் குறையாமல் இருந்தது அது ஒன்றுதான். அதையும் இவர் வந்து பிச்சை போடுவாராம்.

உதவி வந்தது ஆசிரியையிடமிருந்து. அவருக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தில் பேச்சுத்துணை என்ற பெயரில் சின்னவளைச் சேர்த்துவிட்டார். "பேரு என்னவா வேணா இருக்கட்டும், நீ போய் உன் வேலையைப் பாரு. நான் வாரா வாரம் வந்து பார்த்து மார்க் போடறேன். அப்புறம் வர்றதை அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த இல்லத்தில்தான் டிரைவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். சர்க்கரை முற்றிப் பார்வை போனதும் மகன் கொண்டுவந்து விட்டிருந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். அப்பா தனியாக இருந்து வீட்டைக் கொளுத்திக்கொள்வார் என்று அவனுக்குத் தூக்கமே வரவில்லை. டிரைவரின் வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே அவர் ஜன்னலோர நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேயே இருந்தார். டீ வாய்க்கு வந்தது. மாத்திரை வாய்க்கு வந்தது. திட்டுவது ஒன்றைத்தான் அவர் தன் கையால் செய்துகொண்டிருந்தார்.

"யாரு?"

"உங்ககூடப் பேச வந்திருக்கேன்."

"எனக்கு எதுவும் தெரியாது. போய் வேற யாரையாவது பாரு."

"எனக்கும் எதுவும் தெரியாது."

டிரைவர் தலையைத் திருப்பினார். "என்னது, உனக்கும் கண்ணு இல்லையா? அப்புறம் எதுக்கு இங்கே வந்தே?"

"அதனாலதான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை. சில நாள் லாரிக் கதைகளாகவே போயிற்று. ஒருநாள் பேச்சுக்கு நடுவே திடீரென்று குரலைத் தணித்துக்கொண்டு, "ஒண்ணு கேட்பேன், யார்கிட்டேயும் சொல்லக்கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"இந்தச் சுவத்துல மரமா போகுது. வரிசையா. ரோட்டோரம் போற மாதிரி. சில நேரம் நடுவுல யாரோ நிக்கறாங்க, நான் பிரேக்கை மிதிக்கறேன். எனக்குப் புத்தி கலங்குதோ?"

"இல்லைங்க. கண்ணு படம் அனுப்பாததால மூளை பழைய படத்தை எடுத்துப் போட்டுக்குது. நிறைய பேருக்கு வரும். உங்களுக்கு ரோடு தெரியுது, இன்னொருத்தருக்குப் பூ தெரியும். கண்ணை நல்லா இப்படியும் அப்படியும் உருட்டிப் பாருங்க, பல பேருக்குக் கலைஞ்சுடும்."

"அப்போ பைத்தியம் இல்லையா?" என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார். ஒன்றரை வருடமாகத் தனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பி, அதை மகனிடமிருந்து மறைப்பதற்காகவே யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனிதர். ஒரே ஒரு வார்த்தை. அவரை வெளியே அனுப்பிய கண் டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சின்னவளுக்கு யாரையாவது போட்டு உலுக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் உலுக்கத் தகுந்தவர் யாருமில்லை.

மறுநாள் டிரைவரே கேட்டார். "டீ போடக் கத்துக்கொடுப்பியா?"

ஊழியர்களின் சின்ன அடுக்களையில் ஆரம்பித்தார்கள். தம்ளரின் விளிம்பை விரலால் பார்த்து ஊற்றுவது அவருக்குச் சரிவரவில்லை, அவர் விரல்களில் உணர்ச்சி பாதிதான் இருந்தது. அதனால் தம்ளரின் எடையை வைத்தும், நிரம்ப நிரம்ப மாறும் சத்தத்தை வைத்தும் பழக்கினாள். இன்ஜின் சத்தத்தை வைத்தே பழுது சொன்ன காதுக்கு அது வெகு சீக்கிரம் பிடிபட்டது. பிறகு கோல் பிடித்து நடப்பது, மாத்திரைப் பட்டைகளுக்கு ரப்பர் வளையம் போட்டுப் பிரிப்பது. டிரைவர் தான் போட்ட டீயை இல்லம் முழுக்க எல்லோருக்கும் கொடுத்து, நன்றாக இல்லை என்றவர்களோடு சண்டை போட்டார்.

ஒருநாள் கெட்டிலைத் தொட்டுச் சுட்டுக்கொண்டார். சின்னக் கொப்புளம்தான். ஆனால் இல்லத்து மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் பயிற்சி நிலையத்துக்குச் சொல்ல, இயக்குநர் அறக்கட்டளைக்குச் சொல்ல, அந்த வாரமே சின்னவளின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் செய்முறையில் ஈடுபட்டாளாம். இல்லத்துக்குள் இனி வரக்கூடாது. ஆசிரியைக்கு விளக்கம் கேட்டு ஓலை.

டிரைவரின் மகன் அலறிக்கொண்டு வந்தான். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டான். டிரைவர் விரலைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய், முப்பது வருஷம் ரேடியேட்டர்ல வெந்துக்கிட்டேன். அப்ப எவன்டா புகார் கொடுத்தான்? விரல் என்னோடது, சூடும் என்னோடது. நடுவுல நீங்க யாரு? அந்தப் பொண்ணை வரச் சொல்லு, இல்லே நான் சாப்பிட மாட்டேன்."

சொன்னபடி இரண்டு வேளை சாப்பிடவும் இல்லை. மூன்றாம் வேளை தானே போய் டீ போட்டுக் குடித்தார். மகன் அதை வாசலில் நின்று பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

செய்தி வீட்டுக்குத் தெரிந்தது. அம்மா, "விட்டுடும்மா, பழைய வேலைக்கே போயிடு" என்றாள். அக்காதான், வழக்கத்துக்கு மாறாக, "விட்டா உன் கோபத்தை யாரு தாங்கறது? எங்க மேலதான் விடியும். போய்ச் சண்டை போடு" என்றாள்.

பெரியண்ணனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர், "நமக்கு நல்லா வர்ற வேலை என்னம்மா?" என்றார்.

"போன்ல பேசறது."

"அப்போ பேசுவோம்."

அடுத்த திங்கட்கிழமை காலையில் அறக்கட்டளையின் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ஒன்பது பேரும் சின்னவளும் அவளோடு படித்த இன்னொரு உதவித்தொகை மாணவனும் தங்கள் ஓய்வு நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அத்தனை பேரும் மரியாதையாகப் பேசியே சம்பளம் வாங்குகிறவர்கள். "வணக்கம், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்னத் தகவல் வேணும். உங்க உதவித்தொகையில படிச்சவங்கள்ல எத்தனை பேர் இப்போ பயிற்றுநரா வேலை பார்க்கறாங்க?" தெரியாது என்றால், "பரவாயில்லைங்க, காத்திருக்கேன்." இணைப்பைத் துண்டித்தால் அடுத்தவர். ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரம் போயிற்று. கடைசியில் செயலாளரே எடுத்தார்.

"யாருய்யா நீங்கள்லாம்?"

"நீங்க படிக்க வெச்ச பிள்ளைங்க சார்" என்றார் பெரியண்ணன்.

செயலாளர் அசைந்து கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அறக்கட்டளைக்குப் பெரும்பணம் கொடுக்கும் இரும்புக்கடை முதலாளி ஒருவர், லைன் கிடைக்காமல் எரிச்சலாகி நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் விஷயத்தைக் கேட்டார். எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அவரும் கேட்டார். ஒருவருமில்லை என்று தெரிந்ததும், "அப்போ என் பணத்துல போன் எடுக்கறதுக்கா ஆள் தயார் பண்ணினீங்க?" என்று கட்டடம் அதிரக் கத்தினார். அவருக்கு வருத்தம் தன் பணத்துக்காகத்தான், ஒன்பது பேருடைய வருடங்களுக்காக அல்ல. ஆனால் கத்தியதற்காக அவரை நன்றி கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். உதவித்தொகை மாணவர்களும் செய்முறைக்குப் போகலாம் என்று ஒரே வாரத்தில் விதி மாறிவிட்டது.

சின்னவளுக்குத் திரும்ப அனுமதி வந்தது. பார்வையுள்ள ஒருவர் எப்போதும் உடன் நிற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை ஒட்டவைத்துத்தான் வந்தது. பயிற்சி நிலையத்துக் காவலாளியை அனுப்பினார்கள். அவர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டைவிட ஆரம்பித்துவிடுவார். "பாதுகாப்பு தூங்குது, சத்தம் போடாதே" என்பார் டிரைவர்.

வருடக் கடைசியில் டிரைவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். மகன் முதல் மாதம் தினமும் போய் எட்டிப் பார்த்தான். பிறகு வாரம் இரண்டு நாள். சின்னவளுக்குப் பயிற்றுநர் சான்றிதழ் கிடைத்தது. ஆசிரியையின் மேல் இருந்த விசாரணை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவில்லை.

அறக்கட்டளை அந்த வருடம் அச்சடித்த மலரில், பார்வையற்றோரை நேரடிப் பயிற்றுநர்களாக்கும் முன்னோடித் திட்டம் என்று நான்கு பக்கம் வந்திருந்தது. அக்கா படித்துக் காட்டினாள். செயலாளரின் தொலைநோக்கு பற்றி ஒரு பத்தி இருந்தது. தொலைபேசி பற்றி ஒரு வரியும் இல்லை.

"கிழிச்சுப் போடவா?" என்றாள் அக்கா.

"வேணாம். அடுப்புக்குப் பக்கத்துல போடு, பாத்திரம் இறக்கி வைக்க ஆகும்."

பழைய மாணவர்களும் வந்து செய்முறையை முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். பெரியண்ணன் வரவில்லை. சின்னவள் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள்.

"ஒரு வருஷம் லீவு போட்டா குடும்பம் என்ன சாப்பிடும்மா? பொண்ணு காலேஜ் போகுது. எனக்கு இப்போ ஐம்பது நெருங்குது. அன்னிக்கு விட்டிருந்தா இத்தனை வருஷத்துல ஒரு ஊர் முழுக்க நடக்கவெச்சிருப்பேன்." அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மணி அடித்தது. "சரி, லைன் காத்திருக்கு. எங்கேயோ கரண்ட் போயிடுச்சாம்."

அவர் வைத்த பிறகும் சின்னவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தனக்குச் செய்ததைக்கூட அவள் என்றைக்காவது மறந்துவிடக்கூடும். இதை மறப்பதாக இல்லை. விதி மாறியதற்குப் பாராட்டு விழா நடத்துகிறோம், வந்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று செயலாளர் கூப்பிட்டபோது, "பெரியண்ணனோட வருஷங்களைத் திருப்பிக் கொடுங்க, வந்து பேசறேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. யார் அந்தப் பெரியண்ணன் என்று கேட்டார்.

இப்போது அவள் வீடு வீடாகப் போகிறாள். எந்த நிறுவனமும் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. வேண்டியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சென்ற வாரம் ஒரு அடுக்குமாடி வீட்டின் மணியை அடித்தாள். கதவைத் திறந்த மருமகள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"டீச்சர் வரலையா? கூட யாரும் இல்லையா?"

"நான்தான் டீச்சர். மாமியார் எங்கே இருக்காங்க?"

"படுக்கையிலதான் இருக்காங்க. அவங்களை எதுவும் பண்ண விடறதில்லை. நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம்" என்றாள் மருமகள் பெருமையாக.

சின்னவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவைத்தாள்.

"அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன்" என்றாள், மிகவும் தணிந்த குரலில். "அவங்களை எழுப்பி, சமையலறைக்கு வரச் சொல்லுங்க. நீங்க கைபிடிச்சுக் கூட்டிட்டு வர வேணாம். அவங்களே வரட்டும், நான் காத்திருக்கேன்."